மோட்டார் 'நல்லா இழுக்குது' என்றால் போதுமா? இன்ஜினின் உண்மை நிலையைச் சொல்லும் ஓட்டப் பதிவு

சனிக்கிழமை மாலை. மோட்டார் கடையில் ஒரு யமஹா ஒய்15இசட்ஆர் தயாராக நிற்கிறது. 62 மில்லிமீட்டர் பிளாக், புது எக்ஸோஸ், தனியாக வாங்கிப் பொருத்திய ஈசியு. டைனோவில் ஏற்றி முழு த்ரோட்டல் கொடுத்துப் பார்த்தாயிற்று. "ஓகே தம்பி, செட்டு" என்கிறார் கடைக்காரர்.

ஓட்டிப் பார்த்தால் உண்மையிலேயே இழுக்கிறது. இரண்டு வாரம் ஒரே சந்தோஷம்.

பிறகு ஒருநாள் ஈப்போவுக்குப் போகும் வழி. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில், யாரையும் முந்தாமல், ஒரே வேகத்தில் அரை மணி நேரம் ஓடுகிறது. திடீரென்று சக்தி குறைகிறது. இன்ஜின் நின்றுபோகிறது. பிரித்துப் பார்த்தால் பிஸ்டனின் ஓரம் உருகியிருக்கிறது.

இது ஒரு கற்பனைக் காட்சிதான். ஆனால் மோட்டார் மாற்றியமைக்கும் வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு இது புதுக் கதை இல்லை. முழு த்ரோட்டலில் தாங்கிய இன்ஜின், நிதானமாக ஓட்டும்போது ஏன் போச்சு?

பதில் எளிது. முழு த்ரோட்டலில் கலவை சரியாக இருந்தது. பாதி த்ரோட்டலில் எப்படி இருந்தது என்று யாரும் பார்க்கவே இல்லை.

அதைப் பார்க்கும் வழிதான் டேட்டா லாக் எனப்படும் ஓட்டப் பதிவு.

இஞ்செக்டர் என்ன செய்கிறது?

கார்புரேட்டர் காலத்தில் காற்று ஓடும் வேகமே பெட்ரோலை உறிஞ்சி எடுத்தது. இஞ்செக்‌ஷன் மோட்டாரில் அந்த வேலையை ஈசியு என்ற சின்ன கணினி பார்க்கிறது. இஞ்செக்டர் என்பது மின்சாரத்தால் திறந்து மூடும் ஒரு வால்வு. எவ்வளவு நேரம் திறந்திருக்கிறதோ, அவ்வளவு பெட்ரோல் உள்ளே போகும்.

அந்த நேரம் எவ்வளவு சின்னது என்று பாருங்கள். நான்கு-ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் பெட்ரோலை எரிக்கும். 9,000 ஆர்பிஎம்மில் வினாடிக்கு 75 முறை. ஒவ்வொரு முறைக்கும் கிடைக்கும் மொத்த நேரம் 13.3 மில்லி வினாடி. அதற்குள் திறந்து, பீய்ச்சி, மூட வேண்டும்.

எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்று ஈசியு ஒவ்வொரு முறையும் யோசித்துக் கொண்டிருக்காது. முன்கூட்டியே எழுதி வைத்த ஓர் அட்டவணையைப் பார்க்கும். அதுதான் 'மேப்'. ஒரு பக்கம் ஆர்பிஎம், இன்னொரு பக்கம் த்ரோட்டல் எத்தனை விழுக்காடு திறந்திருக்கிறது என்ற அளவு. இரண்டும் சந்திக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். பெருக்கல் வாய்ப்பாடு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். த்ரோட்டல் கொஞ்சமாகத் திறந்திருக்கும்போது, காற்றுக் குழாயில் உள்ள அழுத்தத்தையும் பல ஈசியுக்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளும்.

தொழிற்சாலையில் அந்த மேப்பை எழுதியவர்கள் எந்த இன்ஜினுக்கு எழுதினார்களோ, அந்த இன்ஜினுக்குத்தான் அது பொருந்தும்.

ஒய்15இசட்ஆரின் அசல் பிஸ்டன் விட்டம் 57 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 58.7 மில்லிமீட்டர். கொள்ளளவு ஏறக்குறைய 150 சிசி. அதில் 62 மில்லிமீட்டர் பிளாக் போட்டால் கொள்ளளவு 177 சிசிக்கு ஏறுகிறது. அதாவது ஒவ்வொரு சுற்றிலும் இன்ஜின் இழுக்க முயலும் காற்று சுமார் 18 விழுக்காடு அதிகம். மேப்பில் உள்ள எண்ணோ பழைய எண். காற்று கூடிவிட்டது, பெட்ரோல் கூடவில்லை. முன்பு காற்று-பெட்ரோல் விகிதம் 13 ஆக இருந்த இடம், இப்போது 15-ஐத் தாண்டக்கூடும்.

அந்த விகிதம் எவ்வளவு இருக்க வேண்டும்?

ஒரு கிராம் பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். அதனால்தான் 14.7 என்ற எண் எங்கு பார்த்தாலும் வரும். சில கருவிகள் அதையே 'லாம்டா 1' என்று காட்டும்.

ஆனால் 14.7 எல்லா நேரத்துக்குமான இலக்கு இல்லை. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். மெதுவாக, சுமையில்லாமல் ஓடும்போது 14.7-க்குப் பக்கத்தில் இருந்தால் பெட்ரோல் மிச்சம், புகையும் குறைவு. முழுச் சக்தி வேண்டும் என்றால் 12.5 முதல் 13.2 வரை வேண்டும். கொஞ்சம் கூடுதல் பெட்ரோல். அப்போதுதான் உள்ளே வந்த காற்று முழுவதும் பயன்படும். ஆவியாகும் பெட்ரோல் உள்ளே இருக்கும் சூட்டையும் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும்.

பெட்ரோல் குறைந்த கலவையைக் கடைகளில் 'லீன்' என்பார்கள், கூடிய கலவையை 'ரிச்'. ரிச் ஆனால் எண்ணெய்ச் செலவு கூடும், பிளக் கறுக்கும், இழுவை மந்தமாகும். பர்ஸுக்கு வலி. சுமையோடு ஓடும்போது லீன் ஆனால் வலி பிஸ்டனுக்கு. சூடு ஏறும், கலவை நேரம் தவறித் தானாக வெடிக்கத் தொடங்கும், அந்த அடியை பிஸ்டன் வாங்கும். இன்ஜின் ஓடும்போதே இறுகினால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. நெடுஞ்சாலையில் அது பழுது பார்க்கும் செலவோடு முடிகிற விஷயம் இல்லை.

இன்னொன்று, நண்பர்கள் கேட்பதால் சொல்லிவிடலாம். ரோன்95-க்குப் பதில் ரோன்97 ஊத்தினால் லீன் கலவை சரியாகிவிடாது. ரோன் எண், கலவை தானாக வெடிக்காமல் எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் சொல்கிறது. எவ்வளவு பெட்ரோல் உள்ளே போகிறது என்பதை இஞ்செக்டர்தான் முடிவு செய்கிறது.

காது, பிளக், சென்சார்

முன்பெல்லாம் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பார்த்துத்தான் டியூன் செய்தார்கள். காப்பி நிறம் என்றால் நல்லது, வெள்ளை என்றால் லீன், கறுப்பு என்றால் ரிச். அனுபவசாலிகள் கையில் அது இன்றைக்கும் பயன் தரும். ஆனால் பிளக் சொல்வது ஒரு பொதுவான கதைதான். 7,000 ஆர்பிஎம்மில், 40 விழுக்காடு த்ரோட்டலில் என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது.

உடம்பு சொல்வதோ அதைவிட மோசம். லீன் கலவையில் சில சமயம் மோட்டார் 'கூர்மையாக' இருப்பது போலத் தோன்றும். 4,500 ஆர்பிஎம் பக்கத்தில் திக்கித் திக்கிப் போனால், பெட்ரோல் பற்றவில்லை என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். பதிவை எடுத்துப் பார்த்தால் அதே இடத்தில் 11.2 என்று காட்டும். பெட்ரோல் அதிகமாகித்தான் திக்கியிருக்கிறது! அதில் இன்னும் கொஞ்சம் பெட்ரோலைக் கூட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எனவே அளக்க வேண்டும். எக்ஸோஸ் குழாயில் பொருத்தும் ஆக்சிஜன் சென்சார்தான் கருவி. அதில் இரண்டு வகை.

பல மோட்டார்களில் தொழிற்சாலையிலேயே வருவது 'நேரோபேண்ட்'. அது 14.7-க்கு மேலேயா கீழேயா என்று மட்டும் சொல்லும். ஏறக்குறைய 0.45 வோல்ட் என்பது நடுக்கோடு, இந்தப் பக்கம் லீன், அந்தப் பக்கம் ரிச். 13.0-க்கும் 12.0-க்கும் வித்தியாசம் கேட்டால் நம்பும்படியான பதில் வராது. டியூன் செய்ய வேண்டியது 'வைட்பேண்ட்'. இது 10 முதல் 20 வரை எங்கே இருக்கிறோம் என்று எண்ணாகவே தரும், ஆனால் தனிக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று தேவை. பாஷ் நிறுவனத்தின் எல்எஸ்யு 4.9 பரவலாகப் பயன்படும் ஒரு வைட்பேண்ட் சென்சார்.

பதிவில் என்னென்ன இருக்க வேண்டும்?

காற்று-பெட்ரோல் விகிதம் மட்டும் இருந்தால் அது வெறும் கோடு. 14.9 என்று காட்டினால் எப்போது, எந்த நிலையில் என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். எனவே அதோடு ஒரே கடிகாரத்தில் ஆர்பிஎம், த்ரோட்டல் அளவு, இஞ்செக்டர் திறந்திருந்த நேரம், இன்ஜின் வெப்பநிலை, உள்ளே வரும் காற்றின் வெப்பநிலை, பேட்டரி வோல்டேஜ் ஆகியவையும் பதிவாக வேண்டும். வினாடிக்கு 10 அல்லது 20 முறையாவது. தனியாக வாங்கும் ஈசியுக்களில் பல இதைத் தாமே சேமிக்கும். சிலவற்றுக்குக் கைப்பேசிச் செயலியே போதும்.

பேட்டரி வோல்டேஜ் எதற்கு என்று கேட்கலாம். இஞ்செக்டருக்கு மின்சாரம் போனதும் அது உடனே திறந்துவிடாது. ஏறக்குறைய 1 மில்லி வினாடி தாமதம் உண்டு. வோல்டேஜ் குறைந்தால் அந்தத் தாமதம் கூடும், பெட்ரோல் குறையும். சார்ஜிங் பலவீனமான மோட்டாரில், மேப் சரியாக இருந்தும் கலவை லீன் ஆகும். பதிவில் வோல்டேஜ் இல்லை என்றால், காரணம் தெரியாமல் மேப்பைப் போட்டு நோண்டிக்கொண்டிருப்போம்.

ஒரு கட்டத்தைத் திருத்திப் பார்ப்போம்

நம்ம ஈப்போ மோட்டாருக்கே வருவோம். அது உடையும் முன் யாராவது 20 நிமிட ஓட்டத்தைப் பதிவு செய்திருந்தால் இப்படி இருந்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம்.

முழு த்ரோட்டல், 9,000 ஆர்பிஎம்: இலக்கு 12.8, பதிவில் 12.7. பிரச்சினை இல்லை. டைனோவில் பார்த்த இடம் இதுதான்.

40 விழுக்காடு த்ரோட்டல், 7,000 ஆர்பிஎம்: இலக்கு 13.2, பதிவில் 14.9. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓடும்போது அந்த மோட்டார் நிமிடக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் கட்டம் இதுதான். டைனோவில் முழு த்ரோட்டல் ஓட்டம் சில வினாடிகளில் முடிந்துவிடும். இங்கே அரை மணி நேரம்.

திருத்தும் கணக்கு ஆறாம் வகுப்புக் கணக்குதான். அளந்ததை இலக்கால் வகுக்க வேண்டும். 14.9 வகுத்தல் 13.2, விடை 1.13. அதாவது 13 விழுக்காடு பெட்ரோல் கூட வேண்டும்.

ஒரு நுணுக்கம் உண்டு. இஞ்செக்டர் அந்தக் கட்டத்தில் 6 மில்லி வினாடி திறக்கிறது என்றால், அதில் 1 மில்லி வினாடி தாமதத்திலேயே போய்விடுகிறது. பெட்ரோல் போவது 5 மில்லி வினாடிதான். பெருக்க வேண்டியது அந்த 5-ஐ. விடை 5.65, அதோடு 1 சேர்த்தால் 6.65. நல்ல மென்பொருள் இதைத் தானே பார்த்துக்கொள்ளும். சாதாரணக் கருவியில் நாம்தான் கவனிக்க வேண்டும்.

கணக்கு 13 என்று சொன்னதும் 13-ஐயும் ஒரேயடியாகப் போட்டுவிட வேண்டாம். முதலில் பெரும் பகுதியைக் கூட்டி, மறுபடியும் பதிவு செய்து, மிச்சத்தைத் திருத்துவது பாதுகாப்பான பழக்கம். பக்கத்துக் கட்டங்களையும் பார்க்க வேண்டும். 6,500-இல் பழைய எண்ணும் 7,000-இல் 13 விழுக்காடு கூடிய எண்ணும் இருந்தால், அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் மோட்டார் குலுங்கும். இன்ஜினுக்குள் போகும் காற்று படிக்கட்டு மாதிரி ஏறாது, மலைச்சரிவு மாதிரி ஏறும். மேப்பும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

பதிவும் பொய் சொல்லும்

இதுவரை சொன்னதைக் கேட்டால், மென்பொருளில் 'தானாகத் திருத்து' என்ற பொத்தானை அழுத்தினால் போதுமே என்று தோன்றும். அப்படி அழுத்தியே நல்ல மேப்பைக் கெடுத்தவர்கள் உண்டு. சென்சார் பார்ப்பது பெட்ரோலை அல்ல. எக்ஸோஸ் புகையில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனைத்தான். ஆக்சிஜன் வேறு வழியில் வந்தாலும் அது 'லீன்' என்றே சொல்லும்.

முதல் சந்தேகம் எக்ஸோஸ் கசிவு. சென்சாருக்கு முன்னால் கேஸ்கட் சரியாக உட்காரவில்லை என்றால், புகைத் துடிப்புகளுக்கு நடுவே வெளிக்காற்று உள்ளே நுழையும். சென்சார் லீன் என்று காட்டும். நாம் பெட்ரோலைக் கூட்டுவோம். அது மறுபடியும் லீன் என்னும். கடைசியில் மோட்டார் கறுப்புப் புகை விடும், திரை மட்டும் 14 என்று காட்டிக்கொண்டிருக்கும். புது எக்ஸோஸ் பொருத்திய உடனே டியூன் செய்யப் போகிறவர்கள் முதலில் அந்த மூட்டைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது ஐடில். ஒற்றை சிலிண்டர், குட்டையான எக்ஸோஸ் உள்ள மோட்டாரில், குறைந்த ஆர்பிஎம்மில் குழாயின் பின்பக்கத்திலிருந்தே காற்று உள்ளே திரும்பி வரும். அந்த இடத்தில் சென்சார் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. ஐடில் எப்படி இருக்கிறது என்று காதால் கேட்டு முடிவெடுப்பதில் தவறில்லை. காதுக்கும் ஓர் இடம் உண்டு!

பிளக் ஒருமுறை பற்றாமல் விட்டாலும் இதே கதைதான். எரியாத பெட்ரோலோடு எரியாத காற்றும் வெளியே போகிறது. சென்சாருக்குத் தெரிவது அந்தக் காற்று மட்டும். கலவை அளவுக்கு மீறி ரிச் ஆகி பிளக் நனைந்து பற்றாமல் போனால்கூட, பதிவில் லீன் என்றே வரும். விநோதம்தான், ஆனால் உண்மை.

த்ரோட்டலைச் சட்டென்று மூடினால் பல ஈசியுக்கள் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். அப்போது விகிதம் 20-ஐத் தாண்டும். அது பிழை இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். அந்த வரிகளை நீக்காமல் சராசரி எடுத்தால் குறைந்த த்ரோட்டல் கட்டங்கள் எல்லாம் லீன் மாதிரி தெரியும். த்ரோட்டலை வேகமாகத் திறக்கும் நொடிக்கும் தனி அமைப்பு உண்டு, அங்கே ஈசியு கொஞ்சம் கூடுதல் பெட்ரோல் சேர்க்கும். அந்த நொடிகளை வைத்து மேப்பைத் திருத்தக் கூடாது. இன்ஜின் சூடாகும் முன் எடுத்த பதிவும் அப்படியே, ஒதுக்கிவிடலாம்.

பிறகு தாமதம். சிலிண்டரில் எரிந்த புகை சென்சாரை அடைந்து, சென்சார் பதில் சொல்லி, அது பதிவாக நூறு, இருநூறு மில்லி வினாடி ஆகலாம். ஆர்பிஎம் வினாடிக்கு 2,000 என்ற வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தால், 0.2 வினாடியில் 400 ஆர்பிஎம் நகர்ந்துவிடும். அதாவது 7,000-இல் நடந்த தவறு 7,400-இல் நடந்ததாகப் பதிவாகும். நீங்கள் திருத்துவது தப்பான கட்டத்தை. இதனால்தான் அனுபவமுள்ள டியூனர்கள் சீரான த்ரோட்டலில் சில வினாடிகள் நிறுத்தி நிறுத்தி எடுத்த பதிவையே விரும்புகிறார்கள். விறுவிறுவென்று ஓட்டிய பதிவு பார்க்க அழகாக இருக்கும், கட்டத்துக்கு இரண்டு மூன்று அளவீடுதான் தேறும். ஒரு கட்டத்தில் இருபது முப்பது அளவீடாவது விழுந்தால்தான் அதன் சராசரிக்கு மதிப்பு.

அசல் நேரோபேண்ட் சென்சார் இன்னும் இணைப்பில் இருக்கும் மோட்டார்களில் இன்னொரு கூத்து நடக்கும். நீங்கள் பெட்ரோலைக் கூட்ட, அந்த சென்சாரைக் கேட்டு ஈசியு பெட்ரோலைக் குறைக்கும். இரண்டு பேர் ஒரே ஹேண்டிலைப் பிடித்து இழுக்கிற மாதிரி. பதிவு செய்யும்போது அந்தத் தானியங்கித் திருத்தத்தை நிறுத்தி வைக்க வேண்டும்.

மேப்பால் தீராத நோய்

9,000 ஆர்பிஎம்மில் கிடைப்பது 13.3 மில்லி வினாடி என்று மேலே பார்த்தோம். பதிவில் இஞ்செக்டர் 12 மில்லி வினாடி திறந்திருப்பதாகக் காட்டினால், அது 90 விழுக்காடு நேரம் திறந்தே இருக்கிறது. இனிமேல் மேப்பில் எண்ணைக் கூட்டிப் பயனில்லை. குழாய் முழுசாகத் திறந்தாயிற்று, இன்னும் திருகினால் தண்ணீர் கூடுதலாகவா வரும்? பெரிய இஞ்செக்டர்தான் தேவை.

அதேபோல, கீழே எல்லாம் சரியாக இருந்து, ஆர்பிஎம் ஏற ஏற மட்டும் கலவை லீன் ஆகிக்கொண்டே போனால், பெட்ரோல் பம்பையோ அடைபட்ட ஃபில்டரையோ சந்தேகப்பட வேண்டும். அதை மேப்பில் எண் கூட்டி மறைத்தால் இன்றைக்குச் சரியாக ஓடும். ஃபில்டர் இன்னும் கொஞ்சம் அடைபட்டதும் மறுபடியும் லீன். போன வாரப் பதிவையும் இந்த வாரப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இது கண்ணில் படும்.

கெந்திங் ஏறும்போது?

கெந்திங் மலை ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. ஈசியு த்ரோட்டலையும் ஆர்பிஎம்மையும் மட்டும் பார்த்துப் பெட்ரோல் கொடுத்தால், கிள்ளானில் சரியாக இருந்த மேப் மேலே போகப் போக ரிச் ஆகும். காற்றழுத்தத்தையும் வெப்பநிலையையும் அளந்து ஈசியு தானே ஈடுகட்ட வேண்டும்.

புது ஈசியு பொருத்தும்போது அந்த சென்சார்களை இணைக்காமல் விடுவதும் நடக்கிறது. கேமரன் மலைக்கோ கெந்திங்குக்கோ போய்வரும்போது ஒரு பதிவு எடுத்தால் உடனே தெரிந்துவிடும். இதில் தலைகீழான ஆபத்தும் உண்டு. மலைமேல் ரிச் ஆகிறதே என்று அங்கேயே பெட்ரோலைக் குறைத்துவிட்டுக் கீழே இறங்கினால், சமவெளியில் மோட்டார் லீன்.

எங்கே பதிவு செய்வது?

20, 30 விழுக்காடு த்ரோட்டல் கட்டங்களைத் தினசரி ஓட்டத்திலேயே, வேக வரம்புக்குள் பதிவு செய்யலாம். கருவியை இருக்கைக்கு அடியில் வைத்து, கிளம்பும் முன் ஆரம்பித்துவிட்டு, வீடு வந்ததும் பார்க்க வேண்டும். ஓடும்போது கைப்பேசித் திரையில் எண்ணைப் பார்த்துக்கொண்டே போவது எந்த டியூனிங்கும் இல்லை. இந்த நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள்.

முழு த்ரோட்டல் கட்டங்களுக்குச் சாலை இடமே இல்லை. உயர் கியரில் முழுத் த்ரோட்டலை நிறுத்தி வைத்துப் பார்த்தால், நெடுஞ்சாலையின் 110 கிலோமீட்டர் வரம்பு சீக்கிரமே பின்னால் போய்விடும். அதற்கு டைனோ இருக்கிறது. டைனோவிலும் முழு த்ரோட்டல் ஓட்டம் மட்டும் போதாது. சுமை கொடுத்து, 20, 40, 60 விழுக்காட்டில் நிறுத்திப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அப்படிச் செய்ய எல்லா டைனோவாலும் முடியாது. வசதி உள்ளவர்கள் செப்பாங் போன்ற பந்தயத் தடங்களில் மோட்டார்களுக்குத் திறந்துவிடும் நாள்களில் பதிவு எடுக்கிறார்கள். உலகப் பந்தயமான மோட்டோஜிபியிலும், 1994 முதல் இங்கே நடக்கும் கப் பிரிக்ஸ் பந்தயத்திலும், ஓட்டுநர் உள்ளே வந்ததும் குழுவினர் மோட்டாரைச் சூழ்ந்துகொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அவர் 'இங்கே திக்குது' என்று சொல்வதும் ஒரு தகவல்தான். மோட்டோஜிபியில் அந்தச் சொல்லைப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் யாரும் மேப்பைத் தொடமாட்டார்கள்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். மோட்டாரின் கொள்ளளவு பதிவு ஆவணத்தில் இருக்கிறது. ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதி இல்லாமல் பிளாக்கை மாற்றிச் சாலையில் ஓட்டுவது குற்றம். கொள்ளளவு 150 சிசியைத் தாண்டினால் சாலை வரியும் கூடும்.  வித்தியாசம் சின்னதுதான், ஆனால் பயம் அதில் இல்லை. விபத்து நடந்த பிறகு, ஆவணத்தில் 150 சிசி, இன்ஜினில் 177 சிசி என்று காப்பீட்டு நிறுவனம் கண்டுபிடித்தால், இழப்பீட்டுக் கோரிக்கை சிக்கலாகும். மாற்றியமைத்த மோட்டாரைப் பந்தயத் தடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

பிளாக் மாற்றாமல், எக்ஸோஸும் ஏர் ஃபில்டரும் மட்டும் மாற்றியவர்களுக்கும் பதிவு தேவையா? தேவைதான். அங்கே வித்தியாசம் 18 விழுக்காடு இருக்காது, சில விழுக்காடுதான். பெரும்பாலும் பிஸ்டன் உருகாது. எண்ணெய் எவ்வளவு வீணாகிறது, எந்த ஆர்பிஎம்மில் குலுங்குகிறது என்ற கேள்விகளுக்குப் பதில் கிடைக்கும்.

கடையில் என்ன கேட்கலாம்?

நீங்களே மடிக்கணினி தூக்க வேண்டும் என்பதில்லை. டியூன் செய்ய மோட்டாரைக் கடையில் விடும்போது, "அண்ணே, வைட்பேண்ட் போட்டுப் பார்ப்பீங்களா? பாதி த்ரோட்டலிலயும் பார்ப்பீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். வேலை தெரிந்தவர் கோபப்பட மாட்டார், சந்தோஷப்படுவார். "முப்பது வருஷமா காதாலயே செட் பண்றேன்" என்பவர் கார்புரேட்டரில் கெட்டிக்காரராக இருக்கலாம். 62 மில்லிமீட்டர் பிளாக் போட்ட இஞ்செக்‌ஷன் மோட்டாரை அவரிடம் விடுவதா என்பது உங்கள் முடிவு.

குதிரைத்திறன் காட்டும் தாளை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அதே தாளில் காற்று-பெட்ரோல் விகிதக் கோடும் இருக்க வேண்டும். சென்சார் எங்கே பொருத்தினார்கள் என்றும் பாருங்கள். எக்ஸோஸின் வாயில் செருகும் குழாய் வழியாகவும் அளக்கலாம், ஆனால் அங்கே வெளிக்காற்று கலக்கும், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருந்தால் அதைத் தாண்டி வந்த புகைதான் அங்கே கிடைக்கும். இன்ஜினுக்குப் பக்கத்தில், கன்வெர்ட்டருக்கு முன்னால், குழாயில் துளையிட்டுப் பொருத்துவதே நம்பகமானது. சென்சாரின் முனை கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் குழாயில் தேங்கும் ஈரம் அதற்குள் இறங்கிச் சூட்டில் விரிசல் விழும். டியூனிங் முடிந்து கட்டுப்பாட்டுக் கருவியைக் கழற்றினால் சென்சாரையும் கழற்றித் துளையை அடைத்துவிட வேண்டும். மின்சாரம் இல்லாமல் புகையில் கிடந்தால் அது சீக்கிரம் கெட்டுப்போகும்.

வேலை முடிந்ததும் மூன்று கோப்புகளைக் கேட்டு வாங்குங்கள்: பழைய மேப், புது மேப், கடைசியாக எடுத்த பதிவு. ஆறு மாதம் கழித்து மோட்டார் வேறு மாதிரி ஓடுவது போலத் தோன்றினால், அதே சாலையில், அதே த்ரோட்டலில் இன்னொரு பதிவு எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க அந்தக் கோப்பு வேண்டும்.